பேய்க்கும் விலாசம் வேணும்

வா கண்ணு, உக்காரு. அந்தக் கேட்டை மெள்ளச் சாத்து. கீல் துருப்புடிச்சு மூணு மாசமாக் கத்திக்கிட்டு இருக்குது. ரெண்டு சொட்டு எண்ணெய் விடுடான்னு உங்க அப்பன்கிட்ட சொன்னா, "பாக்கலாம்"ங்கறான். அவன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பவும் அதையேதான் சொன்னான். கீலுக்கு எப்ப வரப்போறான்.

சரி, லேப்டாப்பைத் தொற. என்னமோ உலகம் பண்ணிட்டேன்னு உங்க பாட்டிகிட்ட சொன்னியாமே. பிரான்ஸ் மாதிரி மாயாஜால உலகமாம், அதுல கேம் ஆடறவன் கத்தியைத் தூக்கிக்கிட்டு அலைவானாம். அம்பத்தூர் எஸ்டேட்ல பகலெல்லாம் எவனுக்கோ கோடு எழுதிட்டு, ராத்திரி பதினோரு மணிக்கு மேல உலகம் பண்றே. ஆறு நாள்ல பண்ணி முடிச்சு ஏழாம் நாள் ஓய்வெடுத்த கடவுளுக்கு ஆபீஸ் கெடையாது, அதனால அவருக்கு முடிஞ்சுது.

மேப்பு நல்லாத்தான் இருக்குது. மலை, ஆறு, காடு. கோட்டை ஒண்ணு, ரெண்டு... ஒன்பதா? ஒன்பது கோட்டைக்கு வரி கட்டற குடியானவன் எங்கடா? வயக்காட்டையே காணோம். கோட்டையில இருக்கறவன் செங்கல்லைத் தின்னுவானா? ஊர்ப் பேரெல்லாம் "லா"ன்னு ஆரம்பிச்சு மூக்குல முடியுது. ஆம்பளை எல்லாரும் கோடு போட்ட பனியன், சப்பைத் தொப்பி, கக்கத்துல நீள ரொட்டி. அந்த ரொட்டிக்கு 2022-ல யுனெஸ்கோவே மரியாதை பண்ணிச்சு, நீ என்னடான்னா கக்கத்துல சொருகி வேர்வை தடவறே.

உன்னைச் சொல்லி என்ன. நம்ம சினிமாக்காரன் கிராமம்னா ஒரு ஆலமரம், ஒரு சொம்பு, ஒரு நாட்டாமை வெப்பான். நான் இந்த அயனம்பாக்கத்துல எழுபத்தாறு வருசமா குந்திக்கிட்டு இருக்கேன். சொம்போட ஒரு நாட்டாமையும் என் கண்ணுல பட்டதில்ல. நம்ம ஊரோட விதியை எழுதினவன் எல்லாம் ஸ்கூட்டர்ல வந்து, வயலை பிளாட்டாப் போட்டு, மஞ்சக் கல்லு நட்டுட்டுப் போனவந்தான்.

மோம்பெலியே ஊர்ப் பசங்க 2025-ல ஒரு கேம் விட்டாங்கன்னு நீதானே காட்டினே? பேரு கூட "கிளேர் ஒப்ஸ்க்யூர்"னு என்னமோ. அதுலயும் வளைஞ்சு போன ஈபிள் கோபுரம் இருக்கு, ரொட்டி வேசம் இருக்கு. ஆனா வீட்டுக்காரன் தன் வீட்டைக் கிண்டல் பண்றது வேற, விருந்தாளி பண்றது வேற. நான் அதுல பாத்தது கோபுரம் இல்ல. வருசா வருசம் ஒரு பொம்பளை தூரத்துல ஒரு எண்ணை எழுதுவா, அந்த வயசுக்காரங்க எல்லாரும் பூவிதழா உதுந்து போவாங்க. போறவங்க கழுத்துல பூமாலை போட்டு வழியனுப்பினாங்க பாரு, அங்க எனக்குத் தொண்டை அடைச்சுது. மாலை போட்டு அனுப்பற வழக்கம் நமக்குந்தானே இருக்கு. அந்தப் பசங்க மொதல்ல பயத்தைப் புடிச்சாங்க, தொப்பியை அப்புறம் வாங்கினாங்க.

உன் பிசாசுப் பட்டியலைக் காட்டு. ஓகோ, நாப்பத்தி ரெண்டு உருப்படி. எல்லாத்துக்கும் பக்கத்துல ஹெச்பின்னு உயிர் அளவு போட்டிருக்கே. ரேசன் கடையில அரிசி அளவு போட்ட மாதிரி.

இது யாரு, தராஸ்க்கா? ஹெச்பி பத்தாயிரம். எங்க இருக்கும்? "எங்க வேணா வரும் தாத்தா." இங்கதான்டா நீ மாட்டினே. அது எங்க வேணா வராது. அதுக்கு விலாசம் இருக்கு. தெற்குப் பிரான்ஸ்ல ரோன் நதிக்கரை, தராஸ்கோன்னு ஊரு. சிங்கத் தலை, ஆமை ஓடு, ஆறு காலு, பாம்பு வாலு. ஆத்துல படகைக் கவுத்து ஆளைத் தின்னுக்கிட்டு இருந்துச்சாம். எந்த வீரனாலயும் ஆகலை. மார்த்தான்னு ஒரு புனிதவதி வந்து, தீர்த்தம் தெளிச்சு, தன் இடுப்புக் கச்சையை அவுத்து அதோட கழுத்துல கட்டி, ஆட்டுக்குட்டி மாதிரி ஊருக்குள்ள இழுத்துட்டு வந்தா. அடங்கி வந்த மிருகத்தை ஊர்ஜனம் கல்லாலயும் ஈட்டியாலயும் கொன்னுப்புடுச்சு. அப்புறம் மனசு உறுத்தியிருக்கும் போல, ஊருக்கே அதோட பேரை வெச்சுக்கிட்டாங்க. 1474-ல ரெனே ராசா அதுக்குத் திருவிழாவே ஏற்படுத்தினாரு. பெரிய பொம்மை பண்ணித் தெருத்தெருவா இழுக்கறாங்க. நம்ம மயானக்கொள்ளையில அசுரனைப் பண்ணி அழிக்கறாப்பல.

அமெரிக்காவுல டிஎன்டி விளையாட்டுக்காரன் 1983-ல இதைத் தன் பொஸ்தகத்துல சேத்தான். பேருல ஒரு "ஆர்" எழுத்தைக் கூட்டினான், ஊரைக் கழிச்சுட்டான். உலகத்தையே அழிக்கற ராட்சசன் ஆயிடுச்சு. ஆத்தைக் காணோம், கச்சையைக் காணோம், கொன்னுட்டு முழிச்ச ஊர்க்காரனையும் காணோம். நீ அவன்கிட்டேருந்து எடுத்திருக்கே. மூணாங்கை வண்டி. எஞ்சின் எங்கன்னு கேட்டா, ஆரன் நல்லா அடிக்கும்ங்கறே.

அந்தக் கச்சையை வெச்சு ஒரு கட்டம் பண்ணிப் பாரேன். ஆடறவன் ராட்சசனை அடக்கிட்டான். இப்ப அது பின்னால வாலாட்டிக்கிட்டு வருது. ஊர் எல்லையில ஜனம் கல்லோட நிக்குது. கயிறு இவன் கையில. விடறதா, ஒப்படைக்கறதா? ஹெச்பி என்னத்துக்கு ஆகும் அங்க?

அடுத்தது யாரு, மெலூசின். பாதி பாம்பு, பாதி பொம்பளை, விசம் துப்புவா. ஏன்டா துப்பறா? உனக்கு யாருடா சொன்னது? அவ குடும்பப் பொம்பளை. புவாத்து சீமையில லூசிஞான்னு ஊரு, அங்க ரெமோந்தேங்கிறவனைக் கட்டிக்கிட்டா. ராத்திரியோட ராத்திரியா கோட்டை கட்டிக் குடுப்பா. அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு: சனிக்கிழமை நான் குளிக்கும்போது எட்டிப் பாக்கக்கூடாது. எவனோ தூபம் போட்டான், புருசன்காரன் சாவித் துவாரத்துல கண்ணை வெச்சான். தொட்டியில இடுப்புக்குக் கீழ பாம்பு. அப்பவும் அவ போகலைடா. இன்னொரு நாள் கோவத்துல, பத்து பேர் முன்னால "போடி பாம்பே"ன்னான் பாரு, அன்னிக்குத்தான் ஜன்னல் வழியாப் பறந்து போனா. பாத்ததை மன்னிச்சா, சபையில சொன்னதை மன்னிக்கலை. 1393 வாக்குல ழான் தராஸ்ங்கிறவர் இதை எழுதி வெச்சாரு.

இதே கதை நம்ம ஊர்ல நடந்திருந்தா எட்டிப் பாக்கவே வேண்டியதில்ல. நம்மள்ல பொம்பளைக்கு எண்ணெய்க் குளியல் வெள்ளிக்கிழமை, ஆம்பளைக்குத்தான் சனி. "ஏன்டி சனிக்கிழமை தலைக்கு ஊத்திக்கறே?"ன்னு மாமியா மொத வாரமே கேட்டிருப்பா. குட்டு உடைஞ்சிருக்கும், கோட்டை ஒண்ணும் எழும்பியிருக்காது.

சிரிக்காத, கவனி. அவளுக்கு ஆயுதம் விசம் இல்ல, நிபந்தனை. பேய்க்கு ரெண்டு வேணும் கண்ணு: இருக்கறதுக்கு ஒரு விலாசம், மீறக்கூடாத ஒரு பேச்சு. ரெண்டும் இல்லாதது பேயில்ல, ஃபேன்சி டிரெஸ்.

ஈஸ் பட்டணம் வெச்சிருக்கியா? நீ அடிச்ச மொத ரன் இதுதான். ஆனா தண்ணிக்கடியில வெறும் பாழடைஞ்ச மண்டபமாக் கெடக்குது. கதை தண்ணிக்கு மேல இருக்கும்போதுடா. பிரிட்டனி சீமை, துவார்னெனே வளைகுடா. கடலை விடத் தாழ்வா ஒரு பட்டணம், சுத்தி மதிலு, மதில்ல கதவு. சாவி கிராட்லோன் ராசா கழுத்துல. அவன் பொண்ணு தாஹுத், காதலன் பேச்சைக் கேட்டு, அப்பன் தூங்கும்போது சாவியைக் கழட்டிட்டா. கடல் உள்ள வந்துடுச்சு. வந்த காதலன் சாத்தான்னு சொல்வாங்க. எந்த ஊர்லயும் பொண்ணைப் பெத்தவன் மாப்பிள்ளையைப் பத்தி அப்படித்தான் சொல்வான்.

இந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு நம்ம ஏரிதான் ஞாபகம் வந்துச்சு. நீ பொறக்கும்போது ஏரித்தண்ணியில நெல்லு போடறதே நின்னுபோச்சு, உனக்கு ஏரின்னா கரையில வாக்கிங். எங்க காலத்துல மதகுச் சாவி வெச்சிருக்கறவன்தான் ராசா. நீர்க்கட்டின்னு பேரு. எந்த வயலுக்கு எத்தனை நாழி தண்ணின்னு அவன் கணக்கு. மேல்மடைக்காரனுக்குத் தண்ணி தளும்பும், கடைமடைக்காரன் வானத்தைப் பாத்துக்கிட்டு நிப்பான். நான் கடைமடை. ஒரு பங்குனி மாசம், பயிர் பால் புடிக்கற நேரம், காஞ்சு சுருளுது. நீர்க்கட்டிக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. ராத்திரி அவங்க அப்பன் குறட்டை விடும்போது, அந்த இரும்புச் சாவியை முந்தானையில சுத்திக்கிட்டு வந்து என் கையில குடுத்துச்சு. ரெண்டு திருகு திருகினேன். பயிர் பொழச்சுது. என்ன, சாத்த மறந்துட்டு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருந்துட்டோம். விடிஞ்சு பாத்தா கெழக்கால வயக்காரன் வைக்கப்போர் மிதக்குது.

அந்தத் தாஹுத்துதான் உள்ள கொழம்பு தாளிச்சுக்கிட்டு இருக்கா. மெள்ளப் பேசு.

அப்ப ஈஸ்ல வேண்டியது மண்டபம் இல்ல. ஒரு சாவி, அதைக் கழுத்துல மாட்டின ஒரு கெழவன், தாகத்தோட ஒருத்தன். அதை வெச்சா ஆடறவனுக்குக் கை நடுங்கும்.

ஓநாய் வெச்சிருக்கே, சரி. ழெவோதான் மிருகம். இது கட்டுக்கதை இல்ல, ஆபீஸ் ரிக்கார்டு இருக்கு. 1764-லேருந்து 67 வரைக்கும் ழெவோதாங்கற பிரெஞ்சு மலைக்காட்டுல நூறு பேர் வாக்குல செத்தாங்க. செத்தது யாரு? வீரனா? பெரும்பாலும் மாடு மேய்க்கப் போன பசங்க, பொம்பளைங்க. பதினஞ்சாம் லூயி குதிரைப்படையை விட்டான், ஆகலை. தன்னோட துப்பாக்கி காப்பாளனையே அனுப்பினான். அவன் 1765 செப்டம்பர்ல பெரிய ஓநாய் ஒண்ணைச் சுட்டு, பாடம் பண்ணி அரண்மனைக்கு அனுப்பி, வேலை முடிஞ்சுதுன்னான். குளிர்காலத்துல மறுபடி ஆளு சாக ஆரம்பிச்சுது. ராசாவுக்கு அது காதுல விழலை. பேப்பர்ல செத்துப்போன மிருகம் காட்டுல உயிரோட இருந்தா அரசாங்கத்துக்குக் கஷ்டம் பாரு. 1767 ஜூன்ல ழான் ஷஸ்தேல்னு ஒரு உள்ளூர் ஆள் சுட்ட பெறகுதான் ஓய்ஞ்சுது.

எப்ப நடந்துச்சுன்னு பாத்தியா? அந்த ராசாவோட படை 1760 ஜனவரில வந்தவாசியில தோத்துச்சு. 1761 ஜனவரில புதுச்சேரியே போச்சு, இங்கிலீஷ்காரன் ஊரைத் தரைமட்டம் ஆக்கினான். மூணு வருசம் கழிச்சு அவன் வீட்டுக் கொல்லையில ஒரு ஓநாய்க்குப் பதில் சொல்ல முடியலை. வெளியூர்ல அடி வாங்கினவன் வீட்டுல பூனைகிட்டயும் வாங்குவான்.

அந்தக் கதையில எனக்குப் புடிச்சது துப்பாக்கிக்காரன் இல்ல. 1765 ஜனவரில ஏழு பசங்க, மாடு மேய்க்கறவங்க, குச்சி நுனியில கத்தியைக் கட்டிக்கிட்டு அந்த மிருகத்தை வெரட்டினாங்க. பெரிய பையனுக்கே பன்னெண்டு வயசு வாக்குல. அதுல ஒருத்தனை மிருகம் கவ்விட்டுப் போவுது, விட்டுட்டு ஓடலாம்னு ஒருத்தன் சொல்றான், போர்த்ஃபேங்கிற பையன் ஓடலை. எல்லாரும் சேந்து குத்தி மீட்டாங்க. உன் ஹீரோவுக்கு ஆறடி உசரம், தங்கக் கவசம். நான் பத்து வயசுல மாடு மேய்ச்சவன். ஒரு நாய் குரைச்சாலே மாடு பேட்டைப் பக்கம் ஓடும், நான் வீட்டுப் பக்கம் ஓடுவேன். அந்த ஏழு பசங்களை வெச்சு ஆட்டத்தை ஆரம்பி, நான் கூட வந்து ஆடறேன்.

ஏன் தாத்தா, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்ங்கற மாதிரி பாக்கறே. எட்டாங்கிளாஸ் படிச்ச கெழவன் கூகுள் பண்ணிட்டானோன்னு. எங்க அக்காவை வில்லியனூர்ல குடுத்தோம்டா. அவ மாமனார் சொல்தா. பாண்டிச்சேரிப் பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவரை அப்படித்தான் சொல்வாங்க. இந்தோசீனா போய் வந்தவர், பென்சன் பிரான்ஸ்லேருந்து வரும். ஜூலை 14-க்கு மொத நாள் பதக்கத்தை எல்லாம் புளி போட்டு வெளக்குவாரு, நான் தண்ணி ஊத்துவேன். மறுநாள் வேட்டியைக் கழட்டிட்டு கோட்டு மாட்டி, பதக்கம் தொங்கத் தொங்க ஊர்வலம் போவாரு. கோட்டுக்குக் கீழ ஆள் தமிழ், நடை பிரெஞ்சு, திட்டறது ரெண்டுலயும்.

அதான் கேக்கறேன், பிரெஞ்சு உலகம் வேணும்னா நீ ஏன் கடலைத் தாண்டணும்? கோயம்பேட்டுல பஸ் ஏறினா நாலு மணி நேரம். அங்க ஒரு மேப்பு இருக்குது பாரு, உன் ஒன்பது கோட்டையும் அதுகிட்ட பிச்சை வாங்கணும். பாண்டிச்சேரி ஒரே துண்டா இல்ல. நடுநடுவுல நம்ம தமிழ்நாடு, அதுக்குள்ள மறுபடி அவங்க கொம்யூன். காரைக்கால் தஞ்சாவூர்ப் பக்கம், மாஹே கேரளாவுல, ஏனாம் ஆந்திராவுல. கிழிஞ்ச துணியை ஒட்டுப் போட்டாப்பல. ஒரு வாய்க்காலைத் தாண்டினா சட்டம் வேற, வரி வேற, சாராய விலை வேற. கடைசி சங்கதி உங்க அப்பனுக்கு நல்லாத் தெரியும். 1908-ல பாரதியார் இங்கிலீஷ்காரன் புடிக்க வர்றான்னு அந்தக் கோட்டைத் தாண்டி உள்ள போனாரு, பத்து வருசம் இருந்தாரு. அரவிந்தர் 1910-ல வந்தாரு. எல்லைக்கு அந்தப் பக்கம் போலீஸ் பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது, இந்தப் பக்கம் நீ டீ குடிக்கலாம். மந்திரக் கோடுன்னா அதுதான்டா. உன் மேப்புல எல்லைக்கோடு வெறும் செவப்பு மை.

சாமி வேணுமா? வில்லியனூர்த் தேருக்கு பிரெஞ்சு கவர்னரே வந்து வடம் புடிப்பாரு. இன்னிக்கும் துணைநிலை ஆளுநர் வந்து புடிக்கறாரு. மணக்குள விநாயகரை வெள்ளைக்காரங்க கடல்ல தூக்கிப் போட்டதாவும், போடப் போட அவர் திரும்பி வந்து அதே எடத்துல குந்திக்கிட்டதாவும் சொல்வாங்க. உன் கேம்ல செத்தவன் மறுபடி அதே எடத்துல எழுந்திருக்கறானே, அதை இவர் எப்பவோ பண்ணிட்டாரு.

ஆயி கதை தெரியுமா? பாரதி பூங்கா நடுவுல வெள்ளையா ஒரு மண்டபம் இருக்கே, நீ செல்ஃபி எடுத்தியே, அதுதான் ஆயி மண்டபம். கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கம் போகும்போது ஒரு வீட்டுல வெளக்கு ஜெகஜோதியா எரியுது. கோயிலுன்னு நெனச்சு ராசா நெடுஞ்சாண் கெடையா விழுந்துட்டாரு. பாத்தா தாசி வீடு. பத்து பேர் சிரிச்சுட்டாங்க. வீட்டை இடின்னு ஆர்டர். அவ, ஆயின்னு பேரு, கெஞ்சலை. "நானே இடிக்கறேன், அந்த எடத்துல குளம் வெட்டறேன்"னா. வெட்டினா. முந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. பட்டணத்துல நல்ல தண்ணி இல்ல, மூணாம் நெப்போலியன் காலம், ஒரு இஞ்சினீயர் வந்து முத்திரையர்பாளையத்துலேருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணி கொண்டாந்தான். அந்தத் தண்ணி ஆயி குளத்துத் தண்ணின்னு நெப்போலியனுக்குச் சேதி போய், அவளுக்கு மண்டபம் கட்டுன்னானாம். இங்க ஒரு ராசா இடின்னான், எங்கயோ இருந்த ராசா கட்டுன்னான். தண்ணி குடுத்தது மட்டும் அவ. இதுல எது நடந்தது, எது சேத்ததுன்னு பிரிக்க உக்காந்தா உனக்குக் கேம் முடியாது. பிரிக்காம விட்டாத்தான் அது கதை.

செருப்புச் சங்கதி ஒண்ணு சொல்றேன், இதை எழுதிக்கோ. ஷார்ல் பெரோன்னு பிரெஞ்சுக்காரர், 1697-ல ஒரு கதைப் பொஸ்தகம் போட்டாரு. அதுல பாரு, ஒரே பொஸ்தகத்துல மூணு காலணி. சிண்டரெல்லாவுக்குக் கண்ணாடிச் செருப்பு. பூனைக்கு பூட்சு. தம்மாத்தூண்டு பையன் ராட்சசன்கிட்டேருந்து அடிச்சுட்டுப் போற பூட்சு, ஒரு எட்டு வெச்சா ஏழு காதம். நீ மூணையும் மந்திரப் பொருள் லிஸ்டுல போட்டிருக்கே, நல்லது. நாலாவது ஜோடி பாண்டிச்சேரியில இருக்கு.

பொன்னுத்தம்பி பிள்ளைன்னு வக்கீலு. 1873-ல பூட்சும் காலுறையும் போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குள்ள போனாரு. உள்ளூர்க்காரன் செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் வரணும்னு தடுத்தாங்க. மனுசன் விடலை, பாரிஸ்ல இருக்கற உச்ச கோர்ட்டு வரைக்கும் போயி ஜெயிச்சாரு. ஒரு ஜோடி பூட்சு வில்லியனூர் வழியாப் போகாம நேரா பாரிஸுக்கு எட்டு வெச்சுது பாரு, ஏழு காதம் என்ன பெரிசு? அப்புறம் 1881-ல ஒரு சட்டம் வந்துச்சு. உன் சாதி வழக்கத்தையெல்லாம் விட்டுட்டு, குடும்பப் பேரு ஒண்ணு எடுத்துக்கிட்டு, பிரெஞ்சுச் சட்டத்துக்குக் கீழ வந்தியானா உனக்கு அவங்க உரிமை. பொன்னுத்தம்பி "லாப்போர்த்"னு பேரு வெச்சுக்கிட்டாரு. லாப்போர்த்னா வாசக்கதவு. செருப்போட வாசல்ல நிறுத்தப்பட்டவர் வாசலையே பேரா வெச்சுக்கிட்டாரு. குசும்பு புடிச்ச ஆளு, எனக்கு ரொம்பப் புடிக்கும்.

பேரைக் குடு, வாசல் தொறக்கும். இது மெலூசின் போட்ட நிபந்தனை மாதிரி இல்ல? இது அரசாங்க கெஜட்டுல வந்ததுடா. உன் கேம்ல ஒருத்தன் கதவுகிட்ட வரான். சாவி கெடையாது, கத்தி வேலைக்காகாது. அப்பன் வெச்ச பேரை எழுதி வெச்சுட்டு உள்ள போங்குது கதவு. அதுக்கப்புறம் ஊர்ல யாரும் அவனைப் பழைய பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க. பெத்தவ கூட. பூட்சு மட்டும் காலுல பளபளன்னு இருக்கும். போவானா?

இதுக்கெல்லாம் நாட்குறிப்பு வேணும்னா ஆனந்தரங்கம் பிள்ளையைப் படி. நம்ம பெரம்பூர்ல 1709-ல பொறந்தவரு, துய்ப்ளேக்ஸ் துரைக்கு துபாஷி. 1736-லேருந்து சாகற வரைக்கும் எழுதினாரு. யாரு யாருக்கு எவ்ளோ லஞ்சம் குடுத்தான், எந்தக் கப்பல் வந்துச்சு, துரைசாணி யார் மேல கடுகடுத்தா, அன்னிக்கு நாள் எப்படி, நட்சத்திரம் எப்படி, எல்லாம் இருக்கு. உன் கேம்ல வழியில நிக்கற என்பிசி எல்லாம் "வருக வீரனே"ங்கறான். அவர் எழுத்துல வர்றவன் எவனும் வருக சொல்ல மாட்டான், எனக்கு என்ன கெடைக்கும்னு கேப்பான். ஊர்னா அதான். 1746-லேருந்து 49 வரைக்கும் சென்னப்பட்டணமே பிரெஞ்சுக்காரன் கையிலதான் இருந்துச்சு, தெரியுமா? இன்னும் கொஞ்சம் இருந்திருந்தா உங்க ஆபீஸ்ல நீ காலையில "போன்ழூர்" சொல்லிட்டு லேட்டா வந்திருப்பே.

எழுந்திருக்கறியா? இரு, கடைசியா ஒண்ணு. ஆங்கூவைப் போட்டிருக்கே. எலும்புக்கூடு, அரிவாள், ஹெச்பி ஐநூறு. பாவம்டா.

இது சொல்தா மாமா சொன்னது. சைகோனுக்குப் போற கப்பல்ல பக்கத்துப் படுக்கையில ஒரு பிரிட்டனி மாலுமி. ராத்திரி இஞ்சின் சத்தத்துல கிரீச்னு ஏதாவது கேட்டா எழுந்து குந்திக்குவானாம். அவங்க ஊர்ல ஆங்கூன்னா எமன் இல்ல, எமனோட ஆளு. மாட்டு வண்டி மாதிரி ஒரு வண்டி, அச்சுல மசகு கெடையாது, கிரீச்... கிரீச்சுன்னு வரும். எந்த வீட்டு வாசல்ல அந்தச் சத்தம் நிக்குதோ அந்த வீட்டுல ஒரு ஆள் கணக்கு முடிஞ்சுது. யாரு ஆங்கூன்னு கேளு. அந்தச் சர்ச்சுப் பங்குல அந்த வருசம் கடைசியாச் செத்தவன். அடுத்த வருசம் முழுக்க வண்டி ஓட்டறது அவன் வேலை. ஒரு வருசக் காண்டிராக்டு. பங்குக்குப் பங்கு வேற வேற ஆளு. அப்ப வர்றது தெரியாத எலும்புக்கூடு இல்ல கண்ணு. போன டிசம்பர்ல நீ தோள் குடுத்துத் தூக்கிட்டுப் போன உன் பக்கத்து வீட்டுக்காரன். உன்னைப் பேரு சொல்லிக் கூப்புடுவான். அவன்கிட்ட போய் ஐநூறு ஹெச்பியைக் கழிப்பியா நீ?

சொல்தா மாமா ரெண்டு சண்டையில குண்டு பாத்தவர். ஆனா வில்லியனூர்ல அவர் வீட்டு மாட்டு வண்டிக்கு வாராவாரம் அச்சுல மசகு போடுவாரு. பக்கத்து வீட்டான் வண்டி கிரீச்சுன்னா, இவரே மசகு டப்பாவை எடுத்துட்டுப் போய் போட்டுட்டு வருவாரு. ஏன் மாமான்னா, "மாடு பாவம்"பாரு. கண்ணு மட்டும் தெருக்கோடியில இருக்கும். கப்பல்ல ஏறி, கடலைத் தாண்டி, ஒரு பிரிட்டனிப் பேய் வில்லியனூர் மாட வீதிக்கு விலாசம் மாத்திக்கிட்டு வந்துடுச்சு. கொண்டாந்தது அவர் காது.

போ, போய்ப் படு. கேட்டைச் சாத்திட்டுப் போ. ...கேட்டியா சத்தத்தை? போன டிசம்பர்ல நம்ம தெருவுல கடைசியாப் போனது யாரு? கோடி வீட்டு பால்காரர், இல்ல? உம் மேல ரொம்பப் பிரியமா இருப்பாரே. சரி, சரி, போ.

*

என்ன கண்ணு, காலையில கண்ணெல்லாம் செவந்திருக்கு? பால் பாக்கெட் எடுக்க நான் கேட்டைத் தொறந்தேன், சத்தமே வரலை. வழுக்கிக்கிட்டு தொறக்குது. உங்க பாட்டி வேற, ராத்திரி பாதி பாட்டில் தேங்காயெண்ணெயைக் காணோம்னு குதிச்சுக்கிட்டு இருக்கா. நான் உன்னைக் காட்டிக் குடுக்கலை. தலைக்குத் தேச்சுக்கிட்டேன்னு சொல்லியிருக்கேன். அவ என் வழுக்கையையே பாத்துக்கிட்டு நிக்கறா.